கொல்லையில் நஞ்சில்லாப் பழ மரங்கள்: குழி தோண்டுவது முதல் பழம் பழுக்கும் வரை

தஞ்சாவூர் நகரத்தின் புறத்தே, ஐந்து சென்ட் மனையில் எங்கள் வீடு இருக்கிறது. வீடும் படிக்கட்டும் கிணறும் போக மிஞ்சிய கொல்லை ஏறக்குறைய 1000 சதுர அடி. அதில் ஒரு மா, ஒரு எலுமிச்சை, இரண்டு கொய்யா, மூன்று பப்பாளி, சில வாழைகள் நிற்கின்றன. இவற்றைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள்?" என்பதுதான். அதற்கான விடை இந்த வழிகாட்டியில் உண்டு. ஆனால் அது பிற்பகுதியில்தான் வரும், ஏனெனில் இடம், குழி, நீர், எரு ஆகியவற்றில் செய்த பிழையை எந்தக் கரைசலைத் தெளித்தும் பின்னால் சரிசெய்ய இயலாது. மரம் நோயில் விழுவதும் விழாமல் நிற்பதும் பெரும்பாலும் நடவு செய்த முதல் ஆண்டிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

நான் எழுதுவது காவிரிப் படுகையின் கனத்த மண்ணையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் மனத்தில் கொண்டுதான். செம்மண் நிலத்திலோ கடலோர மணலிலோ இருப்பவர்கள் வடிகாலைப் பற்றிய அச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஈரத்தைக் காக்கும் வேலையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மற்ற முறைகள் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

முதல் படி: இடத்தையும் மண்ணையும் அறிதல்

புதிதாக வீடு கட்டிய மனையில் மேல்மண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எங்கள் கொல்லையில் முதல் கொய்யாக் குழியைத் தோண்டியபோது, அரை அடிக்குக் கீழே சிமென்ட் கட்டிகளும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புப் பூச்சின் துண்டுகளும் ஒன்றரைக் கூடை வந்தன. இவை மண்ணின் காரத்தன்மையை உயர்த்துகின்றன. காரம் மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலைக்குப் போய்விடுகின்றன. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இடைப்பட்ட பகுதி மஞ்சளாக வெளுத்த தளிரை நீங்கள் எலுமிச்சையில் பார்த்திருக்கக்கூடும். அது நோய் என்று எண்ணி மருந்து தேடுபவர்கள் பலர், ஆனால் பல நேரங்களில் அதற்குக் காரணம் குழிக்குள் கிடக்கும் கட்டடக் கழிவுதான். ஆகவே குழி தோண்டும்போது கிடைக்கும் கழிவை ஒரு துண்டு விடாமல் பொறுக்கி வெளியே கொட்டுங்கள்.

அடுத்து, வடிகாலைச் சோதிக்க வேண்டும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு சிறு குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாளும் அப்படியே நின்றால் அந்த இடத்தில் மேடு கட்டித்தான் நட வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துக் கார அமில நிலையை அறிந்துகொள்வதும் நல்லது. பழ மரங்களுக்கு மேல்மண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதாது. ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களிலிருந்து தனித்தனியாக அரைக் கிலோ எடுத்து, நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் இங்கே சொல்லும் எல்லா மரங்களும் நன்றாக வரும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் பழ மரம் வைக்காதீர்கள், ஏனெனில் நிழலில் நின்ற கொய்யா இலையாகத் தழைக்குமே தவிரக் காய்க்காது. மாவைச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

இரண்டாம் படி: மரமும் கன்றும்

சிறிய கொல்லைக்கு ஒரு மா போதும். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தசேரியையும் நம் நீலத்தையும் சேர்த்து 1971-இல் வெளியிட்ட அம்ரபாலி, குட்டையாக வளர்ந்து ஆண்டுதோறும் காய்ப்பதால் இட நெருக்கடி உள்ளவர்களுக்கு ஏற்றது. இமாம் பசந்தின் சுவைக்கு ஈடு இல்லைதான். ஆனால் அது குறைவாகக் காய்க்கும் இரகம், இருக்கும் ஒரே மரமாக அதை வைப்பவர்கள் பொறுமையுடன் இருக்க வேண்டும். கொய்யாவில் லக்னோ 49 நம் வெயிலுக்குப் பழகியது. எலுமிச்சையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 நன்றாகக் காய்க்கிறது. பப்பாளியில் கோ 7 இரகத்தை நட்டால் ஆண் மரம் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை, ஏனெனில் அதில் பெண் மரங்களும் இருபால் பூக்கள் கொண்ட மரங்களுமே வரும். வாழையில் பூவன் இந்த மண்ணுக்கே உரியது. மண் சற்று மோசமாக இருந்தால் கற்பூரவள்ளி வையுங்கள்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காமல் வேரைப் பாருங்கள். இதை நான் இழப்பின் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாற்றங்காலில் வாங்கிய கொய்யாக் கன்று, இலை பளபளத்து, பார்ப்பதற்கு அழகாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் இலைகள் செம்பழுப்பாகி உதிரத் தொடங்கின. எருவும் கரைசலும் கொடுத்துப் பார்த்தும் பயனில்லாமல், கடைசியில் அதைப் பிடுங்கியபோது வேர் முழுக்க மணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தன. அது வேர்முடிச்சு நூற்புழு. ஆயக்குடி, திண்டுக்கல் பகுதிகளின் கொய்யாத் தோப்புகளைப் பெரிதும் வருத்திய அதே புழு. நாற்றங்கால் மண்ணிலிருந்து கன்றோடு சேர்ந்தே அது வீட்டுக்கு வந்துவிடுகிறது, வந்தபின் கொல்லை மண்ணை விட்டு அதை அகற்றுவது மிகக் கடினம். இப்போது நான் கொய்யா வாங்கும்போது, பையின் அடியைச் சற்றே கிழித்து இரண்டு வேர்களை எடுத்துப் பார்க்க அனுமதி கேட்கிறேன். நல்ல கன்று வைத்திருப்பவர் மறுப்பதில்லை. வேர் வெண்மையாகவும் மழமழப்பாகவும் இருக்க வேண்டும். முடிச்சு ஒன்றே ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாவும் கொய்யாவும் ஒட்டுக்கன்றாகவோ பதியனாகவோ இருப்பதே நல்லது, ஏனெனில் விதையிலிருந்து வந்த மா தாய் மரத்தின் பழத்தைத் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒட்டுக் கட்டிய இடம் பிளவில்லாமல் ஒன்றுகூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாழைக்கு அகன்ற இலை கொண்ட நீர்க்கன்றைத் தவிர்த்து, ஈட்டிபோல் குறுகிய இலை கொண்ட கன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: குழி

நடவுக்கு ஒரு மாதம் முன்பே, சித்திரை, வைகாசி வெயிலில் குழி எடுத்து ஆறப் போட வேண்டும். மாவுக்கு மூன்றடி, எலுமிச்சைக்கு இரண்டரை அடி, கொய்யாவுக்கு இரண்டடி, பப்பாளிக்கும் வாழைக்கும் ஒன்றரை அடி என நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரே அளவில் இருக்கட்டும். தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் குவியுங்கள். மூடும்போது மேல்மண்ணே குழிக்குள் போக வேண்டும், ஏனெனில் உயிருள்ள மண் அதுதான்.

மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ ஆகியவற்றைக் கலந்து குழியை நிரப்புங்கள். வாழைக்கும் பப்பாளிக்கும் இதில் பாதி போதும். தொழுவுரத்தை முன்கூட்டியே நிழலில் குவித்து, டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, ஈரச் சாக்கால் மூடி இரண்டு வாரம் வைத்திருந்தால் அது எருவெங்கும் பெருகி, பிற்பாடு வேரழுகல் வராமல் காக்கும். பச்சைச் சாணத்தை மட்டும் குழியில் போடாதீர்கள். மக்காத சாணம் சூடு கிளப்புவதோடு கரையானையும் வெண்புழுவையும் அழைத்துவரும்.

களிமண் நிலத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் ஓரிடம் இது. குழியில் மட்டும் மணலையும் எருவையும் கொட்டிப் பொலபொலப்பாக்கிவிட்டால், சுற்றியுள்ள இறுகிய களிமண்ணுக்கு நடுவே அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும். அடைமழையில் நாலாபுறத்து நீரும் அதில் இறங்கி வெளியேற வழியின்றி நிற்கும். அதனால் எங்கள் பகுதியில் நான் குழியை அந்த மண்ணைக் கொண்டே நிரப்பி, அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு, நான்கைந்து அடி அகல மேடு அமைத்து, அந்த மேட்டின் தலையில் கன்றை நடுகிறேன். மழை முடிந்து மண் அமர்ந்தபின்பும் மேடு ஓரடி நிற்கும்.

நான்காம் படி: நடவு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழ மரக் கன்றுக்கும் பொருந்தும். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டவர்கள் அடைமழை நடுவே நடாமல், தை மாதம் வரை காத்திருப்பது நல்லது.

வெயில் தாழ்ந்தபின் நடுங்கள். பையைக் கத்தியால் கிழித்து எடுக்கும்போது வேரைச் சுற்றிய மண் உடையக் கூடாது. ஆனால் பையின் அடியில் வேர் சுருண்டு வளையமாகியிருந்தால் அந்தச் சுருளை மட்டும் நறுக்கிவிடுங்கள், இல்லையெனில் மரம் பெருத்தபின் அதன் வேரே அதைச் சுற்றி நெரிக்கும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரை அடியாவது தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள், ஏனெனில் அது நீங்கள் விரும்பி வாங்கிய இரகம் அன்று, அடிக்கன்றின் துளிர். ஊன்றுகோலைக் காற்று வீசும் பக்கமாக நட்டு, வாழை நாரால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். மாவில் முதல் மூன்று ஆண்டுகள் வரும் பூங்கொத்தைக் கிள்ளி எறிய மனம் வராதுதான், எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் மரம் தன் வலுவை வேருக்கும் கிளைக்கும் செலவிடுவதே பின்னால் நமக்கு நன்மை.

ஐந்தாம் படி: நீரும் மூடாக்கும்

பெரும்பாலான வீடுகளில் தண்ணீர்க் குழாயை அடிமரத்தின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அடிமரத்தருகே இல்லை. நடுப்பகலில் மரத்தின் நிழல் விழும் வட்டத்தின் விளிம்பை ஒட்டியே அவை இருக்கின்றன. பாத்தி அந்த விளிம்பை ஒட்டிய வளையமாக அமைய வேண்டும், மரம் வளர வளர வளையத்தையும் விரித்துக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சைக்கு இது உயிர் போகும் செய்தி. அதன் அடித்தண்டில் எப்போதும் ஈரம் பட்டால் பட்டை வெடித்துத் தேன் நிறத்தில் பிசின் வடியத் தொடங்கும். ஆகவே தண்டைச் சுற்றி ஓரடிக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வளையப் பாத்தி எடுத்து அதில் மட்டும் நீர் விடுங்கள்.

நடவு செய்த முதல் ஆண்டில், மழையில்லாத நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நீர் விடுவது, தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட நல்லது. வெளியூர் போகும் வழக்கமுள்ளவர்கள், அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானையைக் கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளிப் புதைத்து நிரப்பிவிட்டுச் செல்லலாம். மா மரத்துக்கு, காய்ப்புக்கு வந்தபின், பூக்கும் பருவத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் நாமாக நீர் பாய்ச்சக் கூடாது. அந்த வறட்சியில்தான் மொட்டு பூவாகத் திரும்பும், ஈரம் மிகுந்தால் தளிராகப் போய்விடும். பிஞ்சு பட்டாணி அளவானதும் மறுபடி நீர் விடலாம். பப்பாளிக்கு அடியில் ஒருநாள் இரண்டுநாள் நீர் நின்றாலே வேரழுகித் தலை சாய்ந்துவிடும் என்பதால், மழைக்கு முன்பே வடிகால் வாய்க்காலைச் செதுக்கி வையுங்கள். சமையலறைக் கழுவுநீரைத் திருப்புவதானால் வாழைக்குத் திருப்புங்கள், பப்பாளிக்கும் எலுமிச்சைக்கும் வேண்டாம்.

மூடாக்கு போடாத பழத் தோட்டம் சித்திரை வெயிலில் பாதி நீரைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. சருகு, வைக்கோல், நறுக்கிய வாழை மட்டை, தென்னை மட்டை எதுவானாலும் நான்கு விரற்கடைக் கனத்துக்கு வளையப் பாத்தியில் பரப்புங்கள். தண்டிலிருந்து அரை அடி தள்ளியே இருக்கட்டும், தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரமும் கரையானும் சேர்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து மூடாக்கை விலக்கி ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்கள். முதல் மழையின் மணமும், விரலிடுக்கில் நெளியும் மண்புழுவும் இருந்தால் மண் உயிர் பெற்றுவிட்டது.

ஆறாம் படி: எருவும் கரைசலும்

வீட்டுக் குப்பையே முதல் எரு. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு சருகு என்ற கணக்கில் அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே புளித்த மோரையோ சாணக் கரைசலையோ தெளித்து, வாரம் ஒருமுறை கிளறினால், மூன்று மாதத்தில் கருப்பான மக்கு கிடைக்கும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைச் சேர்த்துக் கிளறுங்கள்.

காய்க்கும் மரங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் மழைக்கு முன் புரட்டாசியிலும், மக்கிய எருவை வளையத்தில் இட்டு மண்ணால் மூடுங்கள். முதல் ஆண்டுக் கன்றுக்கு 10 கிலோ, பிறகு ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போய், முழுதாக வளர்ந்த மாவுக்கும் கொய்யாவுக்கும் 50 கிலோ, எலுமிச்சைக்கு 30 கிலோ என்பது ஆண்டு மொத்தக் கணக்கு. இத்துடன் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் சேர்ந்தால் வேரைத் தாக்கும் புழுக்கள் குறையும். அடுப்புச் சாம்பலில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) உண்டு. வாழைக்கு அது நல்லது, ஆனால் மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் வேண்டாம்.

கரைசல்களில் வீட்டுக்கு எளியது ஜீவாமிர்தம். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் ஓர் ஏக்கருக்குச் சொல்லும் 200 லிட்டரை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால், 10 லிட்டர் தண்ணீரில் நாட்டு மாட்டுச் சாணம் அரைக் கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயறு மாவு 100 கிராம், ஒரு பிடி வரப்பு மண். நிழலில் வைத்து, துணியால் மூடி, காலையும் மாலையும் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் தயாராகும். ஒரு வாரத்துக்குள் ஈர மண்ணில் ஊற்றிவிட வேண்டும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் உழவர்களிடையே பரப்பிய பஞ்சகவ்யாவை 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி கலந்து, வடிகட்டி, பூக்கும் முன்னும் பிஞ்சு பிடித்த பின்னும் இலைமேல் தெளிக்கலாம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்வது என் கடமை. இந்தக் கரைசல்களில் உள்ள சத்தின் அளவு குறைவு. இவற்றின் வேலை நுண்ணுயிரைப் பெருக்கி, மண்ணில் உள்ளதை மரத்துக்கு எடுத்துக் கொடுப்பது. மண்ணில் மக்கே இல்லாமல் வாரம் தவறாமல் கரைசலை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால், சமைக்கப் பொருள் இல்லாத வீட்டில் சமையல்காரரை மட்டும் கூட்டிக்கொண்டே போவதாகிவிடும்.

ஏழாம் படி: கவாத்து

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்ததைக் கண்ட பிறகு, கொல்லையில் எந்தப் பழ மரத்தையும் 12 அடிக்கு மேல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். உயரம் குறைந்தால் காற்று தாங்கும், காயும் கைக்கெட்டும், இலையின் அடிப்புறத்தையும் பார்க்க முடியும். மூன்றாவது காரணமே எனக்கு முதன்மையானது.

கொய்யா புதிய துளிரில்தான் காய்க்கும். ஆகவே மாசி, பங்குனியிலும் ஆவணி, புரட்டாசியிலும் முந்தைய பருவத்துக் கிளை நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் நறுக்கிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூக்கும். நேராக மேல்நோக்கி ஓடும் கிளையை வெட்டத் தேவையில்லை, கயிற்றால் மெல்ல வளைத்துத் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள். சில வாரங்களில் அந்த வளைவின் முதுகெங்கும் கணுவுக்குக் கணு துளிர் எழும்பி, அவற்றில் வெள்ளை மொட்டுகள் இரட்டையாகவும் தனியாகவும் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது, கொல்லை வேலையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

மாவில் அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளை, உரசும் கிளை, நடுவில் வெயிலை மறைக்கும் கிளை ஆகியவற்றை எடுத்தால் போதும். எலுமிச்சையில் அடியிலிருந்து விருட்டென்று எழும் போத்துக் குச்சிகளை நீக்குங்கள். வாழையில் தாய் மரம் தார் போடும்வரை பக்கக் கன்றுகளை அறுத்து, தார் வந்தபின் ஒரே ஒரு கன்றை மட்டும் விடுங்கள். பெரிய வெட்டுக் காயங்களில், மயில் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைப் பூசினால் பூஞ்சை நுழையாது.

எட்டாம் படி: பூச்சியும் நோயும்

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று வேறுபாடில்லாமல் அது பரவியபோது, உழவர்கள் கடுமையான பூச்சிக்கொல்லிகளை மாறி மாறி அடித்தும் அது அடங்கவில்லை, ஏனெனில் அதன் உடல்மேல் இருக்கும் மெழுகுப் பொடி மருந்தை உள்ளே விடுவதில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூர் ஆய்வு நிறுவனத்தின் வழியாகக் கொண்டுவரப்பட்டு, தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும், ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டது. சில மாதங்களில், நஞ்சால் முடியாததை அந்தக் குளவி முடித்துக் காட்டியது. அது இன்றும் நம் கொல்லைகளில் இருக்கிறது. நாம் கொல்லாமல் விட்டால்தான் இருக்கும். மாவுப்பூச்சிக் கூட்டத்தை உருப்பெருக்கியால் பார்த்தால், நடுநடுவே உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்டத் துளையுடன் வெறுங்கூடாகக் கிடப்பவை தெரியும். அவை குளவி வெளியேறிய கூடுகள். அப்படிப்பட்ட கூடுகள் இருக்கும் இலையை வெட்டி எரிக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு, பார்ப்பதற்கு மாவுப்பூச்சியைப் போலவே வெண்பஞ்சு போர்த்தியிருக்கும். ஆனால் அதைவிடப் பெரியது, வேகமாக நகரும். அது மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. பல வீடுகளில் இதைப் பகை என்று எண்ணி நசுக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

மாவுப்பூச்சி தொடர்ந்து வருகிறதென்றால் எறும்பைக் கவனியுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதை ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்குத் தூக்கிச் செல்கின்றன, குளவியையும் விரட்டுகின்றன. தண்டில் அரை முழம் உயரத்தில் துணியோ பிளாஸ்டிக் தாளோ சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது, நேரே பட்டையில் தடவ வேண்டாம். மாவில் கூடு கட்டும் முசுறு எறும்பை மட்டும் நான் விட்டுவைக்கிறேன். அது கடிக்கும் என்றாலும் புழுக்களையும் தத்துப்பூச்சியையும் வேட்டையாடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் தேவைப்பட்டால் தெளிப்பது வேப்பங்கொட்டைக் கரைசல். மூன்று முதல் எட்டு மாதம் வரை நிழலில் உலர்ந்த கொட்டையின் பருப்பு அரைக் கிலோவை இடித்து, துணியில் முடிந்து, இரண்டு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் பால்போல் வரும்வரை பிழிந்து, 10 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் 100 மில்லி சேருங்கள். வெயில் பட்டால் இதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால், மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். கொட்டை கிடைக்காதவர்கள் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புடன் குழைத்துப் பயன்படுத்தலாம். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகவில்லை என்று இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-இல் கொடுக்கப்பட்ட காப்புரிமை, அது இந்தியாவில் முன்பே அறியப்பட்டது என்ற காரணத்தால் 2000-இல் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. நம் பாட்டிமார் கைமருந்துக்கு அப்படியொரு வழக்கு நடந்ததை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இயற்கையிலிருந்து வந்தது எல்லாம் தீங்கற்றது என்று நம்பிவிடாதீர்கள். புகையிலைக் கரைசலைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதில் உள்ள நிகோடின் மனிதருக்கும் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடலில் ஏறும். குழந்தைகள் விளையாடும் கொல்லைக்கு அது வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சைத் தளிரில் பறவை எச்சம் ஒட்டியதுபோல் கருப்பும் வெள்ளையுமாக ஒன்று தெரிந்தால், குச்சியால் தொட்டுப் பாருங்கள், தலையிலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டிக் காரமான வாடை விடும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தபின் பச்சையாகி, சிறு கன்றின் இலை முழுவதையும் ஓரிரு நாளில் தின்றுவிடும். கையால் எடுப்பதே போதும். நான் அவற்றைக் கொல்லாமல் வேலியோரக் கறிவேப்பிலையில் விடுகிறேன், அதையும் அவை உண்ணும்.

பழ ஈ கொய்யாவுக்கும் மாவுக்கும் பெரும்பகை. பழத்துக்குள் புழு வந்தபின் செய்ய ஒன்றுமில்லை. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள் அல்லது நெகிழிப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். மக்குக் குழியில் மட்டும் போடாதீர்கள், அங்கே அது நன்றாகப் பெருகும். புழு மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாவதால், மரத்தடியை மேலாகக் கொத்திவிட்டால் கோழிகளும் மைனாக்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மெத்தில் யூஜினால் என்னும் வாசனைப் பொருளை வைத்த பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். அதை மட்டும் நம்பாமல், கொய்யாக் காய் எலுமிச்சை அளவு ஆனதும் துணிப்பையோ காகிதப்பையோ கட்டுங்கள். மாலை நேரத்தில் வீட்டார் எல்லோரும் சேர்ந்து கட்டினால் ஒரு மரம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இலைப்புள்ளி, பிசின் வடிதல் போன்ற பூஞ்சை நோய்களுக்கு மண்ணில் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவை இடுவதும் நோயுற்ற பகுதியை வெட்டுவதும் முதலில். மீறினால் ஒரு விழுக்காடு போர்டோ கலவை: மயில் துத்தம் 100 கிராமை 5 லிட்டரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை 5 லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய கத்தியை அதில் நனைத்தெடுத்தால் செம்பு படியக் கூடாது, படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தெளித்துவிடுங்கள். செம்பு மண்ணில் தங்கிச் சேருவதால், ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் வேண்டாம். பப்பாளி இலை சுருங்கி, காயில் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது அசுவினி பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்தில்லை, அந்த மரத்தை அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும்.

பூத்திருக்கும் மரத்தின்மேல் வேப்பங்கரைசலைக்கூடக் காலையில் தெளிக்காதீர்கள், அது தேனீக்கள் வரும் நேரம். மரங்களுக்கிடையே துளசி, கொத்தமல்லி, செண்டுமல்லி வையுங்கள். முதல் இரண்டும் பூத்துக் குளவிக்கும் தேனீக்கும் உணவளிக்கும், செண்டுமல்லியின் வேர் நூற்புழுவைக் குறைக்கும்.

ஒன்பதாம் படி: பறித்தலும் பழுக்க வைத்தலும்

கொய்யா கரும்பச்சை மாறி வெளிர்மஞ்சள் தட்டும்போதும், பப்பாளி ஒரு பக்கம் மஞ்சள் கீற்று விடும்போதும் பறிக்கலாம். எலுமிச்சையை முறுக்கி இழுக்காமல் கத்தரியால் நறுக்குங்கள். வாழைத்தார் காய்களின் விளிம்பு மழுங்கி உருண்டு வந்தால் வெட்டலாம், வெட்டியபின் தண்டை நறுக்கி அந்த மண்ணிலேயே பரப்பிவிடுங்கள்.

மாங்காயின் தோள் இரண்டும் காம்புக்கு மேல் உயர்ந்து, காம்படி குழிந்திருந்தால் முற்றிவிட்டது. இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து, பிறகு காம்பைக் கிள்ளி, காயைத் தலைகீழாக ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுங்கள், தோலில் பால் பட்ட இடம்தான் பிற்பாடு கருகி அழுகும். கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை. மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, காய்களை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலே மறுபடி வைக்கோலிட்டுச் சாக்கால் மூடி இருட்டறையில் வைத்தால் ஐந்தாறு நாளில் பழுக்கும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை திறந்து, பழுத்ததை எடுத்து, அழுகத் தொடங்கியதை அகற்றுங்கள். நன்றாகப் பழுத்திருந்தால் அறைக் கதவைத் திறக்கும்போதே மணம் வரும்.